சொந்த இரத்தமும் பிற இரத்தமும்

(ஜூபிலி ஆண்டு இரத்ததான நாளன்று பங்குத் தந்தை ஆற்றிய உரை)



காலைத் திருப்பலி முடிந்து நீங்கள் இன்னும் வீடு திரும்பவில்லை. பள்ளிக்கூடத்து வராந்தாவில் கட்டில்கள் போட்டாயிற்று. வேலூரிலிருந்து இரத்த வங்கிக்காரர்கள் வந்து காத்திருக்கிறார்கள். ஆகவே நான் நீட்டி முழக்கப் போவதில்லை என்று சொல்லித்தான் மைக்கைப் பிடித்திருக்கிறேன். இதே வாக்குறுதியைப் பிரசங்கத்திலும் கொடுத்துவிட்டு நான் என்ன செய்வேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

நான் மருத்துவம் படித்தவனல்லன். பூவிருந்தவல்லி குருமடத்தில் தத்துவமும் இறையியலும் படித்தவன். ஆனால் இந்த வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்தில் குருவாக இருப்பவன் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காமல் இருக்க முடியாது. நோயில்பூசுதல் கொடுக்கப் போய், வார்டில் நின்று, நான் கற்றுக்கொண்ட ஒரு விஷயத்தை இன்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். அதைத் தெரிந்துகொள்வதற்கு முன்னால் நான் ஒரு தடவை முட்டாள்தனமாகக் கோபப்பட்டேன். முதலில் அந்தக் கதை.

சில வருடங்களுக்கு முன், அப்போது நான் இருந்த பங்கில் ஒரு வாலிபன். பெயர் வேண்டாம். செருப்புக் கம்பெனியில் தையல் பிரிவில் வேலை. ஒரு நாள் பல்லில் இரத்தம் கசிந்தது, காலில் ஊதா நிறத்தில் புள்ளிகள் வந்தன, காய்ச்சல் விடவில்லை. வேலூரில் பெரிய மருத்துவமனையில் காட்டினார்கள். இரத்தப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். தகப்பனார் தோல் ஷாப்பில் டிரம் ஓட்டுகிறவர். அண்ணன் ஒருவன், பேர்ணாம்பட்டில் கட்டிக்கொடுத்த அக்காள் ஒருத்தி.

இரத்தம் வேண்டும் என்றதும் அண்ணன்காரன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு போய் நின்றான். இரண்டு பேருக்கும் ஒரே குரூப். சோதித்துப் பார்த்தார்கள், எந்தக் குறையும் இல்லை. அப்புறம் சொன்னார்கள்: "உங்க இரத்தத்தை எடுத்துக்கிறோம். ஆனா உங்க தம்பிக்குக் கொடுக்க மாட்டோம். வேற ஆளுக்குப் போகும்." அவன் அங்கேயே சத்தம் போட்டிருக்கிறான். இராத்திரி எனக்குப் போன் வந்தது. "சாமி, எங்க ரத்தம் வாணாமாம். நாங்க தோல் வேலை செய்றவங்கன்னு பாக்கறாங்க. நீங்க வந்து கேளுங்க."

நானும் போனேன். அந்த வார்த்தை என்னையும் சுட்டிருந்தது. இந்த நாட்டில் தோலைத் தொடுகிறவனை எப்படியெல்லாம் ஒதுக்கினார்கள் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இரத்த வங்கியில் இருந்த டாக்டர் அம்மையாரிடம் கொஞ்சம் காரமாகவே பேசிவிட்டேன். அவர் முடியும் வரை கேட்டார். பிறகு, "ஃபாதர், இவங்க அப்பா அம்மா சொந்தத்துல கல்யாணம் பண்ணவங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஆம், தாய்மாமனைக் கட்டியவள் அந்தத் தாய். "உட்காருங்க" என்று சொல்லி, ஒரு தாளை எடுத்துப் படம் போட ஆரம்பித்தார். அந்த அரைமணி நேரத்தில் நான் கேட்டதையும், பிறகு அங்கும் இங்கும் படித்துக் கேட்டுத் தெரிந்துகொண்டதையும்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

இரத்தப் பை என்றால் சிவப்புத் தண்ணீர் என்று நினைக்கிறோம். அது உயிருள்ள சரக்கு. காற்றைச் சுமக்கும் சிவப்பணுக்கள், காயத்தை அடைக்கும் தட்டணுக்கள், காவல் காக்கும் வெள்ளணுக்கள், இவையெல்லாம் மிதக்கும் பிளாஸ்மா நீர். குரூப் பார்ப்பது சிவப்பணுவுக்கு. 1901இல் வியன்னா நகரில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் அந்த வகைகளைக் கண்டறிந்து எழுதினார். அவர் பிறந்த ஜூன் 14ஐத்தான் உலக இரத்ததானிகள் தினமாகக் கொண்டாடுகிறோம். அதற்கு முன் ஒருவர் இரத்தத்தை மற்றவருக்கு ஏற்றினால் பிழைப்பதும் சாவதும் குருட்டுச் சீட்டாக இருந்தது.

ஆனால் வெள்ளணுவுக்கும் ஒரு குரூப் உண்டு. அது லேசில் பொருந்தாது. பாரிஸ் நகரத்து மருத்துவர் ஜான் டோசே, பல தடவை இரத்தம் ஏற்றிக்கொண்ட நோயாளிகளின் உடம்பில் பிறருடைய வெள்ளணுக்களை எதிர்க்கும் பொருள் உண்டாகியிருப்பதைக் கண்டார். 1958இல் அந்த முத்திரைகளில் முதலாவதை அடையாளம் காட்டினார். 1980இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எச்.எல்.ஏ. என்று டாக்டர்கள் சொல்வது இந்த முத்திரைகளைத்தான். நம் ஒவ்வொருவருக்கும் இரண்டு முத்திரைத் தொகுதி உண்டு. தகப்பனிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று. நம் உடம்பின் காவற்காரர்கள் இந்த முத்திரையைப் பார்த்துத்தான் இவன் நம்மவன், இவன் அயலான் என்று தீர்மானிக்கிறார்கள்.

ஒரு பை இரத்தத்தில் ஏறக்குறைய நூறு கோடி வெள்ளணுக்கள் இருக்கும். நோயாளிக்கு அவை தேவையில்லை. சிவப்பணு வேண்டும், அல்லது தட்டணு வேண்டும். வெள்ளணு கூடவே ஒட்டிக்கொண்டு வருகிறது, கல்யாண வீட்டுக்கு அழைக்காமல் வருகிறவனைப் போல. வந்து இரண்டு விதமான வம்பு செய்யும்.

முதல் வம்பு இது. நோயாளியின் உடம்பு அந்த அயல் முத்திரையைப் பார்த்துப் பழகி, அதற்கு எதிர்ப்பொருள் தயாரித்து வைத்துக்கொள்ளும். இரத்தப் புற்றுநோய்க்காரருக்கு வாரத்தில் பல தடவை தட்டணு ஏற்ற வேண்டியிருக்கும். எதிர்ப்பொருள் உண்டாகிவிட்டால், ஏற்றுகிற தட்டணுக்களையெல்லாம் உடம்பு அழித்துவிடும். பை காலியாகும், இரத்தக் கசிவு நிற்காது. கொட்டக் கொட்ட நிறையாத குடத்தின் முன்னால் டாக்டர் நின்றுகொண்டிருப்பார்.

நம் வாலிபனுடைய அண்ணன் விஷயத்தில் இது இன்னும் கூர்மையானது. இந்த நோய்க்குப் பல வேளைகளில் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைதான் வழி. மஜ்ஜை பொருந்துவதற்கு உடன்பிறந்தவர்களையே முதலில் பார்ப்பார்கள். ஒரு உடன்பிறப்பு முழுமையாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. அண்ணனுடைய இரத்தத்தை முன்கூட்டியே ஏற்றிவிட்டால், தம்பியின் உடம்பு அண்ணனை எதிர்க்கக் கற்றுக்கொள்ளும். பிறகு அதே அண்ணனின் மஜ்ஜையை வைக்கும்போது உடம்பு அதைத் தூக்கி எறியக்கூடும். அவனை வேண்டாம் என்று அவர்கள் ஒதுக்கவில்லை. பெரிய உதவிக்கு வேண்டுமென்று சின்ன உதவியிலிருந்து காப்பாற்றி வைத்தார்கள். வாசலில் சத்தம் போட்டுக்கொண்டிருந்த எங்கள் இரண்டு பேருக்கும் இது எப்படித் தெரியும்?

இரண்டாவது வம்பு அரிது, ஆனால் பயங்கரமானது. இங்கேதான் அந்த அம்மையார் கேட்ட கேள்வி வருகிறது. தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள். தாய்மாமன், அத்தைமகன் என்று கட்டிக்கொள்ளும் நம் பக்கத்துக் குடும்பங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

சாதாரணமாக, வந்த வெள்ளணுக்களை நோயாளியின் உடம்பு அயலான் என்று கண்டு ஒழித்துவிடும். ஆனால் கொடுக்கிறவன் நெருங்கிய சொந்தமாயிருந்து, அவனுடைய பெற்றோரும் சொந்தத்தில் மணந்தவர்களானால், அவனுக்கு இரண்டு முத்திரையும் ஒன்றாகவே அமைந்துவிடலாம். இரண்டும் சிவப்பு முத்திரை என்று வையுங்கள். வாங்குகிறவனுக்கு ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. வாங்குகிறவனின் காவற்காரன் வந்தவனைப் பார்க்கிறான். சிவப்பு மட்டும்தான் தெரிகிறது. "நம்மாளு" என்று உள்ளே விட்டுவிடுகிறான். உள்ளே நுழைந்தவனோ சுற்றிலும் பச்சையைப் பார்க்கிறான். அவனுக்கு இந்த உடம்பு முழுவதும் அயல். அவன் பெருகி, வீட்டுக்காரனையே அடிக்க ஆரம்பிக்கிறான்.

இரத்தம் ஏற்றி ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வரும். உடம்பெங்கும் சிவந்து தடிக்கும். வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை காணும். கடைசியில் எலும்பு மஜ்ஜையே வற்றிப்போகும். வந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இறந்துபோகிறார்கள். மருந்து வேலை செய்வதில்லை. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குத்தான் இது வரும் என்று முதலில் எண்ணியிருந்தார்கள். ஜப்பானில், நல்ல திடமாயிருந்து இருதய ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கும் வந்தது. சொந்தக்காரர்கள் வந்து அப்போதே எடுத்துக் கொடுத்த புது இரத்தம்தான் பல பேருக்கு எமனாயிற்று. பழைய இரத்தத்தைவிடப் புது இரத்தத்தில் வெள்ளணு வீரியமாயிருக்கும். நம் ஊரிலும் "ஃப்ரிஜ்ஜில் வச்ச ரத்தம் வாணாம், சூடா எடுத்துக் குடுங்க" என்று கேட்கிறவர்கள் உண்டு. கேட்காதீர்கள்.

சொந்தத்தில் மணம் முடிக்க வருகிறவர்களுக்காக, இரத்த உறவுத் தடையை நீக்கக் கேட்டு ஆயருக்கு எழுதுவது என் அலுவல்களில் ஒன்று. பாட்டன், பூட்டன் வரை கோடு போட்டு வம்சாவளி எழுதுவேன். இத்தனை வருடமாக அந்தக் கோடுகளைச் சட்டத்தின் கண்ணோடுதான் பார்த்திருக்கிறேன். அம்மையார் தாளில் போட்ட படமும் அதே கோடுகள்தாம். அன்று முதல் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடும்போது எனக்கு அவருடைய முகம் ஞாபகம் வரும்.

இனி மருந்துக்கு வருவோம். இந்த வம்புக்காரனை என்ன செய்வது?

குறை மாதக் குழந்தைக்கும், மஞ்சள் பூத்த பச்சைக் குழந்தைக்கும் நீல விளக்கு போட்டு வைப்பதைத் தாய்மார்கள் பார்த்திருப்பீர்கள். ஒளி ஒரு மருந்து என்பது புதிய செய்தியல்ல. தோலில் வரும் காசநோயை ஒளியால் குணப்படுத்தியதற்காக 1903இலேயே டென்மார்க் நாட்டு நீல்ஸ் ஃபின்சன் நோபல் பரிசு பெற்றார். கண்ணுக்குத் தெரிகிற ஊதா நிறத்துக்கும் அப்பால் ஒரு ஒளி இருக்கிறது. புற ஊதாக் கதிர் என்கிறார்கள். வெயிலில் காயப்போட்ட தோலின் சாயம் வெளுக்கிறதல்லவா, அந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் இந்தக் கதிர்தான். அதில் ஏ, பி, சி என்று வகைகள் உண்டு.

1980களில் அமெரிக்காவில் சியாட்டில் நகரில் டீக் என்கிற மருத்துவரும் அவரோடு உழைத்தவர்களும் நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். மஜ்ஜை கொடுக்கப்போகிற நாயின் இரத்தத்தை முன்கூட்டியே மற்ற நாய்க்கு ஏற்றினார்கள். பிறகு வைத்த மஜ்ஜையை அதன் உடம்பு ஏற்கவில்லை. அதே இரத்தத்தின்மேல் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சிவிட்டு ஏற்றினார்கள். மஜ்ஜை வேர் பிடித்தது. நம் அண்ணன் தம்பிக் கதையேதான், நாய்களின் வாழ்க்கையில். 1986இல் அதை வெளியிட்டார்கள். கதிர் பட்ட வெள்ளணு தன் முத்திரையைக் காட்டிப் பிறரை உசுப்பிவிடும் ஆற்றலை இழந்துவிடுகிறது. இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடுகிறது.

மனிதரில் இது எப்படி? அமெரிக்காவில் இரத்தப் புற்றுநோயாளிகள் 530 பேரைச் சேர்த்து ஒரு பெரிய ஆராய்ச்சி நடத்தி, 1997இல் முடிவை வெளியிட்டார்கள். ஒன்றும் செய்யாத தட்டணுக்களைப் பெற்றவர்களில் நூற்றுக்கு 45 பேருக்கு எதிர்ப்பொருள் உண்டாயிற்று. புற ஊதா பி கதிர் பாய்ச்சிய தட்டணுக்களைப் பெற்றவர்களில் 21 பேருக்குத்தான். வடிகட்டியால் வெள்ளணுவை அகற்றிய தட்டணு பெற்றவர்களில் 17, 18. எதிர்ப்பொருளும் உண்டாகி, ஏற்றிய தட்டணுவும் பிடிக்காமல் போனவர்கள் முதல் வகையில் 13 பேர். மற்றவற்றில் 3 முதல் 5 பேர் வரை.

ஒளியும் வென்றது, வடிகட்டியும் வென்றது. உலகம் வடிகட்டியைத் தேர்ந்துகொண்டது. அது எளிது, விளக்கு வேண்டாம், காய்ச்சல் நடுக்கத்தையும் குறைக்கிறது. ஆகவே இன்று பெரிய மருத்துவமனைகளில் பையின் குழாயில் வெள்ளை டப்பா போல ஒன்று தொங்குவதைப் பார்த்தால், அதுதான் அந்த வடிகட்டி. நூறு கோடியை ஐம்பது இலட்சத்துக்கும் கீழே இறக்கிவிடும். ஆனால் நான் சொன்ன இரண்டாவது வம்புக்கு வடிகட்டி மட்டும் போதாது. மிச்சமுள்ள வெள்ளணுக்களே பெருகிவிடக்கூடும்.

அங்கேதான் ஒளி வேறு வேடத்தில் திரும்பி வந்தது. நம் நாட்டுமருந்துக் கடையில் கார்போகரிசி என்று கேட்டால் கறுப்பாய்ச் சின்ன விதை தருவார்கள். குளியல் பொடியில் சேர்ப்பார்கள். தோலில் வெண்படை விழுந்தவர்கள் அதை அரைத்துப் பூசி வெயிலில் நிற்பது பழைய வைத்தியம். (அளவு தெரியாமல் செய்து கொப்புளித்துப்போய் வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். நீங்களாகச் செய்ய வேண்டாம்.) எகிப்து நாட்டிலும் வேறொரு செடியைக் கொண்டு இதே வைத்தியம் உண்டு. இந்தச் செடிகளில் இருக்கும் சரக்குக்குச் சோரலென் என்று பெயர். அந்தக் குடும்பத்தில் செயற்கையாகச் செய்த ஒரு மருந்தை, அமோட்டோசலென் என்று பெயர், தட்டணுப் பையில் கலந்து புற ஊதா ஏ கதிரில் வைக்கிறார்கள்.

அது என்ன செய்கிறது என்பது ஆம்பூர்க்காரர்களுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? பச்சைத் தோலை உப்புப் போடாமல் வைத்தால் இரண்டே நாளில் நாறிப்போகும். சுண்ணாம்புத் தொட்டியிலிட்டு, மயிர் நீக்கி, டிரம்மில் குரோம் உப்போடு சுழற்றி எடுத்தால் காலத்துக்கும் கெடாது. குரோம் உள்ளே போய்த் தோலின் நார்களுக்கு நடுவே பாலம் போட்டுக் கட்டிவிடுகிறது. உயிரணுவின் கருவுக்குள்ளே மரபிழை என்று ஒன்று உண்டு. முறுக்கிய இரட்டைக் கயிறு மாதிரி இருக்கும். அணு பெருக வேண்டுமானால் அந்த முறுக்கு பிரிய வேண்டும். சோரலென் அந்த இரண்டு புரிக்கும் நடுவில் நுழைந்துகொள்கிறது. ஒளி பட்டதும் இரண்டையும் சேர்த்துக் கட்டிப் போடுகிறது. கயிறு பிரியாது, அணு பெருகாது. குரோம் போட்ட தோல் மாதிரி, இருக்கும், வளராது. தட்டணுவுக்குக் கருவே கிடையாது. ஆகவே அதற்குப் பெரிய கேடில்லை. கருவுள்ள வெள்ளணுவும், கிருமிகளில் பெரும்பாலானவையும் மாட்டிக்கொள்கின்றன. தட்டணுவைக் குளிரில் வைக்க முடியாது. அறைச் சூட்டில் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கிருமி பெருக வசதியான இடம் அது. அதனால் ஒரே கல்லில் இரண்டு காய்.

சுவிட்சர்லாந்தில் 2011 முதல் நாட்டின் தட்டணுப் பைகளெல்லாம் இந்த ஒளியைக் கண்டுதான் வருகின்றன. பிரான்சில் 2017 முதல். அமெரிக்க அரசு 2014 டிசம்பரில் அனுமதி கொடுத்தது. இந்த முறையில் தயாரித்த தட்டணுவுக்கு வேறு கதிர்வீச்சு தேவையில்லை என்றும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். வைட்டமின் பி-2 கலந்து ஒளியில் வைக்கும் இன்னொரு முறையும் உண்டு. எலிகளில் அது எதிர்ப்பொருள் உண்டாகாமல் காத்தது. மனிதரில் அந்தப் பலன் அப்படியே கிடைக்கவில்லை. எலிக்கு நல்லதெல்லாம் நமக்கு நல்லதாகிவிடுவதில்லை.

ஆனால் ஒளிக்கு ஒரு தடை உண்டு. சிவப்பணு நிறைந்த பைக்குள் ஒளி புகாது. சாயத் தொட்டிக்கு மேலே டார்ச் அடித்தால் அடி தெரியுமா? அதுபோலத்தான். ஆகவே சிவப்பணுவுக்குக் காமாக் கதிரோ எக்ஸ்-ரேயோ வேண்டும். 25 கிரே என்று ஒரு கணக்கு. சில நிமிட வேலை. கண்ணுக்குத் தெரியாத ஒளிதான் அதுவும், பலம் அதிகம். பை கதிரியக்கமாகிவிடாது, பயப்படாதீர்கள். ஜப்பானியர் அப்படிக் கதிரிட்ட இரத்தத்தை நாடெங்கும் கொடுக்கத் தொடங்கியபின் நான் சொன்ன அந்தக் கொடிய நோய் அங்கே அற்றுப்போயிற்று. நம்மிடையே அந்த இயந்திரம் பெரிய மருத்துவமனைகளில்தான் இருக்கிறது. விலை அப்படி. சின்ன ஊர் நர்சிங் ஹோமில், சொந்தக்காரரின் இரத்தத்தை அப்படியே எடுத்து அப்படியே ஏற்றும்போதுதான் ஆபத்து அதிகம். அங்கே இருக்கிற பாதுகாப்பு ஒன்றே ஒன்று: அயலாரின் இரத்தம்.

வேலூரைப் பற்றி இங்கே இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். மேலே சொன்ன நாய்ச் சோதனை வெளிவந்த அதே 1986இல் நம் வேலூர் சி.எம்.சி.யில் முதல் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை நடந்தது. அதே வருடம், சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் நிர்மலா என்கிற மருத்துவ மாணவி சேகரித்த இரத்த மாதிரிகளை ரயிலில் கொண்டுவந்து இதே சி.எம்.சி.யில் சோதித்தபோதுதான், எய்ட்ஸ் கிருமி இந்தியாவுக்கு வந்துவிட்டது என்று முதன்முதலில் தெரிந்தது. அதன்பின் இரத்தம் என்றாலே மக்களுக்குக் கிருமிப் பயம் மட்டும்தான். அந்தப் பயத்தில், "எங்க வீட்டு ரத்தம்னா பயமில்ல" என்று எண்ணிச் சொந்தக்காரரிடமே ஓடினார்கள். ஒரு குழியிலிருந்து தப்பி இன்னொரு குழியின் ஓரத்துக்கு.

1996 தீர்ப்பு என்றால் நம் பக்கத்தில் எல்லாரும் பாலாற்றுக் கழிவுநீர் வழக்கைத்தான் நினைப்பீர்கள். அதே வருட ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பும் கொடுத்தது. காசுக்கு இரத்தம் விற்கும் தொழிலை ஒழிக்கச் சொன்னது. 1998 ஜனவரி முதல் அது நாடெங்கும் தடை செய்யப்பட்டது. நல்ல தீர்ப்பு. ஆனால் விற்கிறவன் போன இடத்தை யார் நிரப்பினார்கள்? "ஆளைக் கூட்டி வா, இரத்தம் தருகிறோம்" என்று ஆயிற்று. கூட்டி வருவது யாரை? மாமனை, மச்சானை, சித்தப்பன் மகனை. இரத்த வங்கி ஒழுங்காயிருந்தால் அந்தப் பையை வேறொருவருக்கு மாற்றிவிடும். அவசரத்தில், சின்ன இடத்தில், மாற்ற வேறு பை இருக்காது.

வேறு பை இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இன்று வராந்தாவில் கட்டில் போட்டிருக்கிறோம். பதினெட்டு வயது ஆகி, நாற்பத்தைந்து கிலோ எடையும், 12.5 அளவு ஹீமோகுளோபினும் உள்ளவர்கள் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு தடவை. யாருக்குப் போகும் என்று கேட்காதீர்கள். தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அதன் பாதுகாப்பு.

இதைக் கேட்டுவிட்டு, நாளைக்கு ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றச் சொன்னால் பயந்து மறுத்துவிடாதீர்கள். நான் சொன்ன இரண்டாவது நோய் மிக மிக அரிது. இரத்தம் கிடைக்காமல் சாகிறவர்கள் அப்படி அரிதல்ல. சொந்தக்காரர் இரத்தம்தான் ஏற்றப்போகிறார்கள் என்றால், "டாக்டர், இவர் எனக்கு இன்ன உறவு, எங்க வீட்டுல சொந்தத்துல கல்யாணம், கதிர் காட்டின இரத்தம் கிடைக்குமா?" என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவாகாது. உயிர் போகிற அவசரமென்றால் டாக்டர் தீர்மானிக்கட்டும்.

அந்த வாலிபன் என்ன ஆனான் என்று பின்வரிசையில் ஒரு பாட்டி சாடையால் கேட்கிறார். சொல்கிறேன். முன்பின் தெரியாத எத்தனையோ பேருடைய கதிரிட்ட இரத்தமும் தட்டணுவும் வாரக்கணக்கில் ஏறின. நோய் கொஞ்சம் அடங்கியதும் உடன்பிறந்தவர்களைச் சோதித்தார்கள். அண்ணன் பொருந்தவில்லை. அத்தனை சத்தம் போட்டவன், கை மடித்து நின்றவன், அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி மாதா கெபிக்கு எதிரே உட்கார்ந்து அழுதான். பொருந்தியது பேர்ணாம்பட்டு அக்காள். அதுவரை அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்து மஜ்ஜை கொடுத்தாள். தம்பி பிழைத்தான். நடுவில் இரண்டு தடவை பயமுறுத்தினான், பிழைத்தான். இப்போது தையல் மெஷினில் இல்லை. அதே கம்பெனியில் கணக்கு எழுதுகிறான்.

அண்ணன், அன்றைக்கு அந்த வங்கியில் கொடுத்த பை யாருக்கோ போயிற்று. யாருக்கென்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது. நான் அந்தப் பங்கைவிட்டு மாறி வந்து வருடங்களாகின்றன. இன்றும் மூன்று மாதத்துக்கு ஒருதரம் அவனிடமிருந்து போன் வரும். சுகம் விசாரிக்கக்கூட மாட்டான். "சாமி, தொண்ணூறு நாள் ஆச்சு. எங்கயாச்சும் கேம்ப் கீதா?" என்பான். போன வாரமும் கேட்டான். இன்று காலை முதல் பஸ்ஸில் வந்து, வராந்தாவில் முதல் கட்டிலில் படுத்திருப்பவன் அவன்தான். வாருங்கள், அவன் எழுந்திருப்பதற்குள் போவோம்.